வேகத்தை அடக்கிய வீரர்: ஜுவான் மானுவேல் ஃபாங்கியோ

செஞ்சிக் கோட்டையைக் கண்டோர் எவரும் தேசிங்கு ராஜனை நினையாது திரும்புவதில்லை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் மதில்களினிடையே அவ்விளைஞன் ஆட்சி செலுத்திய காலம் மிகக் குறுகியது. ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகானுக்குப் பணிய மறுத்து, 1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஏறக்குறைய 22 வயதில், அவன் போர்க்களத்தில் மாண்டான். அந்நாளில் ஆறு பெருக்கெடுத்தோடியது என்றும், வெள்ளம் வடியுமளவும் பொறாது பாராசாரி என்னும் தன் குதிரையை அவன் நீரில் இறக்கினான் என்றும், உடன் கடக்க வல்ல சிலரோடு மட்டும் பகைவர் பெரும்படையுட் பாய்ந்தான் என்றும் மக்கள் வழங்கும் கதை கூறும். எவராலும் அடக்க இயலாத குதிரையை அடக்கியவன் என்று அவனைப் புகழும் அக்கதையே, தன் விரைவை அடக்க மாட்டாது அவன் மாண்டான் என்பதனையும் சொல்லாமற் சொல்கின்றது.

இவ்வுண்மை எமக்குப் புலப்பட்டது நூல்களால் அன்று. சென்ற மாசித் திங்களில் யாமும் எம் விடுதித் தோழர் ஒருவரும் மோட்டார் சைக்கிளில் செஞ்சிக்குச் சென்றிருந்தோம். செட்டிகுளத்தின் அருகே, தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்ட இடம் என்று காட்டப்படும் மேடையின்பால் நெடுநேரம் இருந்து, பொழுது சாயும் வேளையில் திண்டிவனம் நோக்கிப் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவர் யாமே. சாலை நேராய்க் கிடந்தமையால் வேகம் எம்மையறியாமலே மிகுந்தது. வளைவு ஒன்றன் முன்னர்ப் புளியமரத்தடியில் நின்ற மூதாட்டியார் ஒருவர் கையை உயர்த்தினார். தம்மையும் ஏற்றிச் செல்லுமாறு கேட்கின்றார் போலும் என்றெண்ணி, யாம் அவரைப் பொருட்படுத்தாது சென்றோம். வளைவு திரும்பியதும், சாலையின் குறுக்கே உளுந்துச் செடி காயப் பரப்பியிருக்கக் கண்டோம். கண்டவுடன் பிரேக்கை இறுகப் பற்றினோம். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சறுக்கிச் சென்று சாலையோரப் பள்ளத்தில் வீழ்ந்தோம். ஓடிவந்து எமக்குத் தண்ணீர் தந்தவர் அம்மூதாட்டியாரே. ஆண்டவர் அருளால் இருவரும் உயிர் பிழைத்தோம். ஆயினும் தோழரின் வலக்கை முறிந்தது. அவ்வாண்டுத் தேர்வினை அவர் எழுதவியலாதவராயினார்.

மருத்துவமனையில் அவரருகே இருந்த நாள்களில், சக்கரம் நின்றும் வண்டி நில்லாதது ஏன் என்னும் வினா எம்மை விட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடிப் படித்த காலத்தில்தான் ஃபாங்கியோ என்னும் பெரியாரின் வாழ்க்கை எமக்கு அறிமுகமாயிற்று. கார்ப் பந்தய உலகில் ஐந்து முறை உலக வாகையர் ஆன அவர், வண்டியை விரைவாகச் செலுத்தியமையால் மட்டும் அப்பெருமை எய்தினாரல்லர். எவ்விடத்து விரைவைக் குறைத்தல் வேண்டும் என்பதனைப் பிறரினும் தெளிவாக அறிந்தமையாலும் எய்தினார். நம் மாணவருள் மோட்டார் சைக்கிள் ஓட்டாதார் அரியராகிவிட்ட இந்நாளில், அவர் வரலாற்றை அறிதல் நமக்குப் பயன் தருவதாகும்.

ஜுவான் மானுவேல் ஃபாங்கியோ, தென்னமெரிக்காவிலுள்ள அர்ஜென்டீனா நாட்டில் பால்கார்சே என்னும் சிற்றூரில் 1911ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் பிறந்தார். அந்நாள் யோவான் ஸ்நானகனின் திருநாள்; ஜுவான் என்பதும் யோவான் என்பதும் ஒரு பெயரே. அவர் பெற்றோர் இத்தாலி நாட்டினின்றும் பிழைப்புத் தேடிக் குடியேறிய எளிய மக்கள். மக்கள் அறுவருள் ஃபாங்கியோ நான்காமவர். இளமையிலேயே பள்ளியை விட்டு மோட்டார்ப் பட்டறையில் தொழில் பயிலப் புகுந்தார். காற்பந்தாட்டத்தில் வல்லவராயிருந்த அவரை, கால்கள் சற்றே வளைந்திருந்தமையால், கோணற்காலர் என்னும் பொருள்பட நண்பர்கள் அழைத்தனர்; அப்பெயர் வாழ்நாள் முழுதும் அவரோடு நிலைத்தது. வாலிபப் பருவத்தில் நுரையீரற் காய்ச்சல் கண்டு இறப்பின் வாயில்வரை சென்று மீண்டார்.

படைப்பயிற்சி முடித்து ஊர் திரும்பியபின் சொந்தமாகப் பட்டறை ஒன்று அமைத்தார். பொறியின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றையும் கையால் கழற்றிப் பூட்டி அறிந்த அவ்வறிவே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது. வண்டியின் ஒலி சிறிது மாறினும், மிதி சிறிது தளரினும், அதன் காரணத்தை அவர் உடனே உணர்வார். 1936இல் வாடகைக் காராக ஓடிய ஃபோர்டு வண்டியொன்றைக் கொண்டு முதற் பந்தயத்தில் ஓடினார். அவர் திறமை கண்ட ஊரார் பொருள் திரட்டி அவருக்கு வண்டி வாங்க உதவினர். 1940இல் புவனோஸ் அயரிஸ் நகரினின்றும் ஆண்டீஸ் மலைத் தொடரைக் கடந்து பெரு நாட்டின் லீமா நகர்வரை சென்று மீளும் பந்தயத்தில், ஏறக்குறைய 9,500 கிலோமீட்டர் தொலைவைச் செவ்ரோலே வண்டியில் ஓடி வென்றார். அப்பந்தயங்கள் செப்பமான களங்களில் நிகழ்வன அல்ல. புழுதியும் சேறும் பள்ளத்தாக்கும் நிறைந்த பொதுச்சாலைகளே களம். அடுத்த வளைவின் அப்பால் யாது இருக்கும் என்பதனை ஓட்டுநர் அறியார். காணாததனையும் கருதி ஓட்டுதல் என்னும் பாடத்தை அவருக்குக் கற்பித்தவை அச்சாலைகளே.

ஆயின் அப்பாடத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1948ஆம் ஆண்டு அக்டோபரில் புவனோஸ் அயரிஸிலிருந்து வெனிசுவேலாவின் கராக்காஸ்வரை நிகழ்ந்த நெடும் பந்தயத்தில், பெரு நாட்டின் வழியே செல்லுங்கால், இருளில் வளைவொன்றில் அவர் வண்டி நிலைதவறிச் சாலையை விட்டு உருண்டது. ஃபாங்கியோ பிழைத்தார், உடன் சென்ற தோழர் தானியேல் உருத்தியா மாண்டார். தம் கையிலிருந்த வண்டியில் தம்மை நம்பி அமர்ந்தவர் இறந்தமை அவர் நெஞ்சைப் பிளந்தது. பந்தயத்தை விட்டொழிக்கவும் அவர் எண்ணினார். அப்பகுதியைப் படித்தபோது, கையிற் கட்டோடு படுத்திருந்த எம் தோழரின் முகத்தை யாம் நிமிர்ந்து நோக்க மாட்டாதவராயினோம்.

இவ்விடத்துப் பிரேக்கின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும். இடரைக் கண்டு, கருதி, கால் பிரேக்கை மிதிக்குமுன் ஒரு வினாடி கழியுமாயின், அத்துணைத் தொலைவும் வேகம் சிறிதும் குறையாமலே கழியும். பிரேக்குப் பற்றியபின் நிற்பதற்கு வேண்டும் தொலைவோ, வேகம் இருமடங்கானால் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகும். மேலும் வண்டியை நிறுத்துவது உண்மையிற் பிரேக்கு அன்று. சாலையைப் பற்றி நிற்கும் டயரே. அப்பற்று ஓர் அளவினது. நிறுத்துதற்கும் திருப்புதற்கும் அவ்வொரு முதலிலிருந்தே செலவு செய்தல் வேண்டும். முழுதையும் நிறுத்துதற்கே செலவிட்டால் திருப்புதற்கு ஒன்றும் எஞ்சாது. சக்கரம் உருளாது பூட்டிக்கொள்ளுமாயின், டயர் சாலைமீது தேய்ந்து சறுக்கும். திசை திருப்பும் சக்கரமும் ஏவலுக்கு அடங்காது. செஞ்சிச் சாலையில் எமக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே வல்ல ஓட்டுநர் வளைவுக்கு முன்னரே, சாலை நேராயிருக்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை மெல்ல விடுத்து, அதன்பின் வளைவினுட் புகுவர். புகுந்தபின் அஞ்சிப் பற்றும் பிரேக்கு உதவியாகாது பகையாகும்.

தோழரை இழந்த துயரோடு ஃபாங்கியோ 1949இல் ஐரோப்பாக் கண்டத்திற் பந்தயம் ஓடப் புகுந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 37 ஆகியிருந்தது. பிறர் ஓய்வைக் கருதும் வயதில் அவர் தொடங்கினார். மறு ஆண்டு உலக வாகைப் பந்தயத் தொடர் முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டது. அவ்வாண்டு மே 21ஆம் நாள் மொனாக்கோ நகரின் கடலோரத் தெருக்களில் நிகழ்ந்த பந்தயம் அவர் இயல்பைக் காட்டும் சான்றாயிற்று. முதற் சுற்றில், துறைமுகச் சுவரைக் கடந்து தெறித்த அலைநீர் வளைவொன்றை நனைத்தது. ஃபாங்கியோ கடந்துவிட்டார்; அவர்பின் வந்த ஃபாரினா சறுக்கினார்; தொடர்ந்து வந்த வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தெருவை அடைத்தன. ஃபாங்கியோவோ இதனை ஒன்றும் அறியாதவராய், முதல்வராகச் சுற்றிவந்து, கண்ணுக்குப் புலப்படாத அவ்விடரை நோக்கி விரைந்துகொண்டிருந்தார்.

அவ்வேளையில், பார்ப்போர் கூட்டம் வேறுபட்டுத் தோன்றுவதனை அவர் கண்டார். முன்னோடி வருபவரையன்றோ மக்கள் நோக்குவர்? அவர்களோ தம்மை நோக்காது வேறொரு திசையை நோக்கி நின்றனர். தம்மினும் அவர்கள் கண்ணைக் கவர்ந்தது யாதோ ஒன்று அப்பால் உளது என்று உணர்ந்தார். 1936இல் அவ்வூரில் நிகழ்ந்த ஒரு விபத்தின் படத்தை முன்னர்க் கண்டிருந்தமையும் அவர் நினைவுக்கு வந்தது. உடனே பிரேக்கை மிதித்து வேகத்தை அடக்கினார். வளைவு திரும்பியபோது உடைந்த வண்டிகள் தெருவை மறித்துக் கிடந்தன. அவற்றினிடையே மெல்ல வழிகண்டு சென்று, பந்தயத்தையும் வென்றார். பிறர் முகத்தைக் கண்டு தாம் காணாததனை அறிந்த இச்செயலை, வெறும் நற்பேறு என்று கூறுதல் பொருந்தாது. வெற்றி அணித்தாயிருந்த வேளையிலும் தம்மைச் சூழ்ந்தோரைப் பார்த்த கண்ணே அவரைக் காத்தது.

1951இல் ஆல்ஃபா ரோமியோ வண்டியில் முதன்முறை உலக வாகையர் ஆனார். ஆயினும் அவரும் மனிதரே. 1952ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் வட அயர்லாந்தில் ஒரு பந்தயம். மறுநாள் இத்தாலியின் மோன்சாவில் மற்றொன்று. விமான வசதி தவறிப்போகவே, பாரிஸிலிருந்து இரவு முழுதும் தாமே கார் ஓட்டி, பந்தயம் தொடங்குதற்கு அரைமணி நேரத்திற்கு முன் மோன்சாவை அடைந்தார். உறங்காத கண்ணோடு வரிசையின் கடைசியில் நின்று புறப்பட்டவர், இரண்டாம் சுற்றிலேயே வளைவொன்றில் வண்டியின் பிடியை இழந்தார். அக்காலத்துப் பந்தய வண்டிகளில் இருக்கைவார் இல்லை. தூக்கியெறியப்பட்டுக் கழுத்தெலும்பு முறிந்து, அவ்வாண்டு முழுதும் களத்துக்குப் புறம்பாயினார். சாலையில் இருந்த குறை யாதும் அன்று. தம் களைப்பே காரணம் என்பதனை அவர் மறைக்கவில்லை. இயந்திரத்தின் எல்லையை நன்கு அறிந்தவர், அன்று தம் உடலின் எல்லையை மறந்தார்.

மீண்டு வந்தபின், 1954, 1955 ஆண்டுகளில் மெர்சிடீஸ் நிறுவனத்தின் வண்டிகளை ஓட்டிப் புகழின் உச்சியை எட்டினார். அப்புகழினிடையே, 1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நிகழ்ந்த 24 மணி நேரப் பந்தயத்தில், மோட்டார்ப் பந்தய வரலாற்றின் மிகக் கொடிய விபத்து அவர் கண்முன் நேர்ந்தது. அதன் காரணங்களுள் பிரேக்கின் வேறுபாடும் ஒன்றாகும். மைக் ஹாத்தார்ன் ஓட்டிய ஜாகுவார் வண்டியில் புதுவகை டிஸ்க் பிரேக்கு அமைந்திருந்தது. சூடேறினும் தளராது சட்டென வேகத்தைக் குறைக்க வல்லது அது. மெர்சிடீஸ் வண்டிகளிற் பழைய டிரம் பிரேக்கே இருந்தது. அதன் குறையை ஈடுசெய்ய மெர்சிடீஸ் வண்டிகளின் பின்புறத்தே, காற்றை எதிர்த்து நிமிரும் பெரும் பலகையொன்றை அமைத்திருந்தனர்.

பணிக்கூடத்தின்பால் நிறுத்த எண்ணிய ஹாத்தார்ன், லான்ஸ் மேக்ளின் என்பவர் வண்டியைக் கடந்து அதன் முன்னே பிரேக்கைப் பற்றினார். அத்துணை விரைவில் தம் வண்டியை நிறுத்த இயலாத மேக்ளின் இடப்புறம் ஒதுங்கினார். அவ்வழியே மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தவர் மெர்சிடீஸ் அணியின் பியேர் லெவெக். வினாடிக்கு 66 மீட்டருக்கு மேல் கடக்கும் அவ்வேகத்தில் பிரேக்குக்கு இடமேது? மேக்ளின் வண்டியின் பின்புறம் ஏறி, லெவெக்கின் வண்டி காற்றில் எழுந்து, கரையில் மோதிச் சிதறியது. அதன் பகுதிகள் கூட்டத்தினுட் பாய்ந்தன. லெவெக்கும் 80க்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். அவர் பின்னே வந்துகொண்டிருந்தவர் ஃபாங்கியோ. மோதுவதற்கு முந்திய நொடியில் லெவெக் கையை உயர்த்தித் தம்மை எச்சரித்தார் என்றும், அவ்வெச்சரிக்கையே தம் உயிரைக் காத்தது என்றும் ஃபாங்கியோ இறுதிவரை நம்பினார். புகையும் சிதறலும் நிறைந்த அவ்விடத்தை அவர் ஊறின்றிக் கடந்தார். நள்ளிரவுக்குப் பின் மெர்சிடீஸ் அணி தன் எஞ்சிய வண்டிகளைப் பந்தயத்தினின்றும் விலக்கிக்கொண்டது. அவற்றுள் முன்னணியில் நின்ற ஃபாங்கியோவின் வண்டியும் ஒன்று. அவ்விபத்தின் பின்னர் சுவிட்சர்லாந்து நாடு களச்சுற்றுப் பந்தயங்களையே தடை செய்தது.

சாகுந் தறுவாயில் ஒருவர் தம்மைக் கருதாது பின்வருபவரைக் கருதிக் கையுயர்த்துவது எத்துணை அரியது! கையுயர்த்தியவரைப் பார்த்தும் பாராது சென்ற எமக்கு, இப்பகுதி பெருந் தலைகுனிவைத் தந்தது.

1956இல் ஃபெராரி வண்டியிலும் 1957இல் மாஸெராட்டி வண்டியிலும் ஃபாங்கியோ மீண்டும் உலக வாகை சூடினார். 1957 ஆகஸ்டு 4ஆம் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் அவர் ஓடிய பந்தயம் இன்றும் வியந்து பேசப்படுகின்றது. ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நீளமுள்ள அக்காட்டுச் சாலையில் வளைவுகள் நூற்றுக்கு மேற்பட்டன. டயர் மாற்றவும் எரியெண்ணெய் நிரப்பவும் நின்றமையால் அவர் ஏறக்குறைய 50 வினாடி பின்தங்கினார். பின்னர்ச் சுற்றுக்குச் சுற்று களத்தின் வேகச் சாதனையை முறியடித்து, ஹாத்தார்னையும் காலின்ஸையும் முந்தி வென்றார். அப்பொழுது அவருக்கு அகவை 46. வழக்கமாக வேகத்தைக் குறைக்கும் வளைவுகளையும் அன்று உயர்ந்த கியரிலேயே கடந்தார். வென்றபின் அவர் செருக்குறவில்லை. அவ்வாறு முன்னர் ஓட்டியதுமில்லை, இனி ஓட்ட விரும்புவதுமில்லை என்றே கருதினார். தம் எல்லையைத் தாம் கடந்துவிட்டதனைத் தாமே அறிந்து அஞ்சிய அவ்வச்சத்தை, யாம் அவ்வெற்றியினும் பெரிதாகக் கருதுகின்றோம்.

மறு ஆண்டே அவர் விலகினார். 1958 பிப்ரவரியில் கியூபா நாட்டின் ஹவானா நகரிற் புரட்சியாளர் அவரைக் கடத்திச் சென்று, ஊறு செய்யாது விடுத்தனர். அவர் ஓடாது தவறிய அப்பந்தயத்தில் வண்டியொன்று கூட்டத்துட் பாய்ந்து பலர் மாண்டனர். ஜூலை 6ஆம் நாள் பிரான்சின் ரேம்ஸ் களத்தில் அவர் தம் இறுதி உலகப் பந்தயத்தை ஓடினார். முதல்வராக ஓடிய ஹாத்தார்ன், தம்மினும் ஒரு சுற்றுப் பின்தங்கச் செய்யக்கூடிய நிலையிலும், முதுபெரும் வீரரைக் கடவாது பின்னின்று மதிப்பளித்தார். அதே பந்தயத்தில் லூயிஜி முஸ்ஸோ என்னும் இத்தாலிய வீரர் உயிரிழந்தார். தோழர் பலரை இவ்வாறு இழந்த ஃபாங்கியோ, நிற்க வேண்டிய இடம் இதுவே என்று கண்டு நின்றார். 51 உலகப் பந்தயங்களில் ஓடி 24இல் வென்றவர் அவர். ஐந்து முறை உலக வாகை சூடிய அவர் சாதனை 2003ஆம் ஆண்டுவரை எவராலும் கடக்கப்படவில்லை. ஹாத்தார்னோ, தாமும் உலக வாகை சூடிப் பந்தயத்தை விட்ட சின்னாட்களில், 1959 ஜனவரியில், பொதுச்சாலை ஒன்றில் கார் சறுக்கி மாண்டார்.

ஃபாங்கியோ அதன்பின் 37 ஆண்டு வாழ்ந்தார். பிறந்த ஊராகிய பால்கார்சேயில் அவர் பெயரால் 1986இல் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், 84ஆம் வயதில், படுக்கையில் அமைதியாக உயிர்நீத்தார். அவரோடு ஓடியவருள் எத்துணைப் பேருக்கு அவ்வமைதியான முடிவு வாய்த்தது?

தேசிங்கு ராஜனின் வீரத்தை யாம் குறைத்துக் கூறுகின்றோமல்லேம். அவன் மானத்தின் பொருட்டு மாண்டான். நாடு அவனை மறவாது. ஆயின் பெருகிய ஆற்றின் கரையில் ஒரு பொழுது நின்றிருப்பானாயின் என்னும் எண்ணம், அவன் மேடையருகே நிற்போர் நெஞ்சில் எழாமலிராது. இந்நாளில் நம்முன் போர்க்களம் இல்லை, சாலையே உளது. அதில் ஆட்டு மந்தையும், பள்ளி விட்டு வரும் சிறுவரும், உளுந்து உலர்த்தும் ஏழை உழவரும் உளர். விரைந்தோட விரும்புவார்க்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும் அதற்கெனவே களங்கள் உள்ளன. பொதுச்சாலை அதற்குரிய இடமன்று.

எம் தோழரின் கை இப்பொழுது குணமடைந்துவிட்டது. வரும் பருவத்தில் அவர் தேர்வு எழுதுவார். அவர் எம்மை ஒருநாளும் கடிந்துரைத்ததில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் இருவரும் பேருந்தில் ஏறி அவ்வூருக்குச் சென்று, அம்மூதாட்டியாரைக் கண்டு வணங்கினோம். அன்றும் அவர் அப்புளியமரத்தடியிலேயே அமர்ந்திருந்தார். வளைவை நோக்கி வரும் வண்டியொன்றைக் கண்டதும் அவர் கை தானே உயர்ந்தது. அவ்வண்டி வேகம் குறைந்து மெல்லச் சென்றது.